பட்டம் பட்டாவான கதை

தமிழில் 'அப்பா' என்ற சொல் தேய்ந்து வெகுகாலம் ஆகிறது. பெற்றவர் அப்பா. அவரே தன் பிள்ளையிடம் 'ஒழுங்காச் சாப்பிடுப்பா' என்று கெஞ்சும்போது பிள்ளையும் அப்பா. முகம் தெரியாத ஆட்டோக்காரரிடம் 'என்னப்பா, மீட்டருக்கு மேல எவ்வளவு?' என்று கேட்டால் அவரும் அப்பா. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் 'அப்பாடா'. பல்வலிக்கு 'அப்பப்பா'. யாரும் தப்பவில்லை.

இதே சொல், 'ப'வுக்கு மட்டும் கொஞ்சம் கனம் கூட்டி, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் பாலஸ்தீனத்து அரமேயிக் மொழியிலும் இருந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு கடவுளைக் கூப்பிட்டது இந்தச் சொல்லால்தான் என்று மாற்கு எழுதிவைத்திருக்கிறார். தமிழில் பைபிளைப் பெயர்த்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லில் வேலையே இல்லை. அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். (உடனே 'அரமேயிக்கின் தாய் தமிழே' என்று புத்தகம் போடக் கிளம்ப வேண்டாம். பல் முளைக்காத வாயில் உதட்டை ஒட்டிப் பிரித்தால் வருவது ம-வும் ப-வும்தான். எந்த ஊர்க் குழந்தைக்கும் அதே உதடு.)

அந்த அப்பா கிரேக்கத்திலும் லத்தீனிலும் 'அப்பாஸ்' ஆகி, பிரெஞ்சில் 'ஆபே'யாகவும் ஆங்கிலத்தில் 'அபட்'டாகவும் போய் இறங்கியது. துறவி மடத்தின் தலைவருக்கு மேற்கு ஐரோப்பா கொடுத்த பட்டம் இதுதான். பெண்டாட்டி பிள்ளை வேண்டாம் என்று ஓடிவந்த ஆளைப் பிடித்து உட்காரவைத்து 'அப்பா' என்று பட்டம் கட்டியிருக்கிறார்கள். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பூமியில் ஒருவரையும் தந்தை என்று கூப்பிட வேண்டாம் என்று இயேசு சொன்னதாக மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் பச்சையாகவே இருக்கிறது. கேட்டவர்கள் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதே பவ்யத்தோடு மறந்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் அது பட்டமே இல்லை. 4-ஆம் நூற்றாண்டு எகிப்துப் பாலைவனத்தில் ஆளுக்கொரு குடிசையில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்த கிழவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரியவர், தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'வனத்து அந்தோணியார்' என்று சொல்லும் அந்தோணி. தொலைந்த சாவியைத் தேடித்தரும் பதுவை அந்தோணியார் வேறு. இவர் சாவியே வைத்துக்கொள்ளாதவர். இளவட்டத் துறவிகள் இப்படியொரு கிழவரைத் தேடி மணலில் நடந்துபோய், 'அப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்க' என்பார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்வார். சில பேர் அதையும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான் பதவி. நாற்காலி கிடையாது, நியமன உத்தரவு கிடையாது, முக்கியமாக, வருமானம் கிடையாது. பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பெயர், வேறென்ன, 'அம்மா'. அம்மா சாரா என்பவர் அறுபது வருடம் ஆற்றங்கரையில் குடியிருந்தும் ஒருமுறைகூட ஆற்றை ஏறெடுத்துப் பார்க்கவில்லையாம். நம் வீட்டு அம்மாக்களுக்கும் அறுபது வருடம் ஜன்னல் பக்கம் திரும்ப நேரம் கிடைத்ததில்லை. அவர்களை யாரும் புனிதர் பட்டியலில் சேர்க்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் அப்பா மோசே. முன்னாள் கொள்ளைக்காரர். திருந்தித் துறவியான பிறகு புகழ் பரவி, ஒரு பெரிய அதிகாரி தரிசனத்துக்குக் கிளம்பி வந்தார். சேதி தெரிந்ததும் மோசே சதுப்பு நிலத்துப் பக்கம் ஓட்டமெடுத்தார். வழியில் அதிகாரியே எதிரே வந்துவிட்டார். 'பெரியவரே, அப்பா மோசேயின் குடிசை எங்கே?' மோசே கொஞ்சமும் யோசிக்காமல், அவனை எதற்குப் பார்க்கப் போகிறீர்கள், அவன் ஒரு முட்டாள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அப்பா என்ற பட்டத்தை வைத்திருந்தவர்களில் அதைக் கண்டு ஓடிய கடைசித் தலைமுறை இது. அடுத்து வந்தவர்கள் எதிர்த் திசையில் ஓடினார்கள்.

அந்த ஓட்டத்துக்கு முன்பே பாதை போட்டுவைத்தவர் பக்கோமியு என்று ஒரு பழைய சிப்பாய். தனித்தனிக் குடிசைகளைப் பார்த்துப் பொறுக்காமல், எல்லோரையும் ஒரே சுற்றுச்சுவருக்குள் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார். பட்டாளத்துப் புத்தி. சுவர் வந்ததும் கதவு வந்தது, களஞ்சியம் வந்தது, சமையல்கட்டு வந்தது. இத்தனைக்கும் சாவி யாரிடம் என்ற கேள்வி வந்தபோது 'அப்பா' என்பது கூப்பிடும் சொல்லாக இருந்த காலம் முடிந்தது. பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோம், முணுமுணுப்பதில் மகா சமர்த்தர், இதைக் கவனித்தார். கடவுளைத் தவிர யாருக்கும் கூடாது என்று சொல்லப்பட்ட பெயரை மடத்துத் தலைவர்கள் எந்த உரிமையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். ஆனால் அவரே பெத்லகேமில் மடம் நடத்தியவர். புலம்பலுக்குப் பலன் பூஜ்யம்.

இனி பெனடிக்ட். தமிழில் இவர் 'ஆசீர்வாதப்பர்'. பீட்டர் இராயப்பர், பால் சின்னப்பர், ஜோசப் சூசையப்பர் என்று, வந்த புனிதர்களுக்கெல்லாம் ஒரு அப்பரைத் தைத்து அனுப்பிய ஊர் நம்முடையது. அதில் நிஜமாகவே அப்பர் உத்தியோகம் பார்த்தவர் இவர். சுமார் 480-ல் இத்தாலியில் பிறந்தார். சுபியாகோ குகையில் மூன்று வருடம் தனியாக இருந்தார். கயிற்றில் மணி கட்டிச் சாப்பாடு இறக்குவார்கள். பக்கத்து மடத்தில் தலைவர் காலமாகிவிட, அங்கிருந்த துறவிகள் வந்து, நீங்கள்தான் எங்களுக்கு அப்பா என்று காலைப் பிடித்தார்கள். 'என் வழக்கம் உங்களுக்கு ஒத்துவராது' என்று இவர் படித்துப் படித்துச் சொன்னார். கேட்கவில்லை. வந்தார். அதிகாலையில் எழுப்பினார். அரட்டையை நிறுத்தினார். கொஞ்ச நாளிலேயே துறவிகள் கூடிப் பேசி, பொதுக்குழு தீர்மானம் மாதிரி ஒருமனதாக, அப்பாவின் திராட்சை ரசத்தில் விஷம் கலந்தார்கள். அவர் ஆசீர்வதிக்கக் கை தூக்க, கோப்பை உடைந்தது. 'நான்தான் அப்போதே சொன்னேனே' என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டு நிதானமாகக் குகைக்கே திரும்பிவிட்டார். போப் முதலாம் கிரகரி எழுதிவைத்த கதை இது. பிறகு ஒரு பாதிரியார் பொறாமையில் விஷ ரொட்டியும் அனுப்பினார். அதைக் காக்கை தூக்கிக்கொண்டு போயிற்று. அப்பா பட்டம் உடம்புக்கு ஆகாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

ஆனால் மனிதர் அசரவில்லை. மொந்தே கசீனோ மலையில் மடம் கட்டி, 73 அத்தியாயத்தில் ஒரு சட்டம் எழுதினார். இரண்டாம் அத்தியாயமே, அப்பா என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான். தலைவரைத் துறவிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். முக்கியமான விஷயமென்றால் கடைக்குட்டித் துறவியையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். துறவிக்குத் திராட்சை ரசம் ஆகாதுதான், ஆனால் இந்தக் காலத்தில் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று சலித்துக்கொண்டே தினம் ஒரு அளவு அனுமதிக்கிறார். உடையோடு தூங்கலாம், இடுப்புக் கத்தியைக் கழற்றிவிட்டுத் தூங்க வேண்டும் என்று ஒரு விதி. தூக்கத்தில் காயம் படக்கூடாதே என்று காரணம் சொல்கிறார். விஷக் கோப்பையைப் பார்த்தவர். வேறு யோசனையும் இருந்திருக்கலாம்.

இத்தனை உஷாராக எழுதியவர் ஒரு ஓட்டையை அடைக்காமல் விட்டார். தலைவர் விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று 56-ஆம் அத்தியாயம். வழிப்போக்கனுக்கு மரியாதை என்ற நல்லெண்ணம்தான். ஆனால் விருந்தாளிக்கு நல்ல சாப்பாடு போட வேண்டும். அப்பாவும் அதையே சாப்பிட வேண்டும். அதற்குத் தனிச் சமையல்கட்டு வேண்டும். தனிச் சமையல்கட்டு நாளடைவில் தனி வீடாயிற்று. தனி வீட்டுக்குத் தனி வருமானம். வேட்டை நாய் வந்து சேர்ந்தபோது மூல விதி எதுவென்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

மடத்துக்கு நிலம் சேர்ந்தது. நிலம் சேர்ந்த இடத்துக்கு ராஜாவும் வந்து சேர்ந்தார். 8-ஆம் நூற்றாண்டில் பிராங்கியர்களை ஆண்ட சார்ல்ஸ் மார்ட்டெல், போருக்கு வந்த தளபதிகளுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாமல், மடத்து நிலங்களை எடுத்துக் கொடுத்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அதற்குப் பிறகு வந்த காலத்தில் வாளும் கவசமுமாக, மனைவி மக்களோடு மடாதிபதிகள் உலவினார்கள். பேரரசர் சார்லமேனின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்டு கல்யாணமானவர். பல மடங்களுக்கு அப்பா. சார்லமேனின் சபையில் இருந்த ஆங்கில்பெர்ட், சாங் ரிக்கியே மடத்தின் அப்பா. ராஜாவோ மகள்களைக் கட்டிக்கொடுக்காமல் வீட்டிலேயே வைத்திருந்தார். இவர் இளவரசி பெர்த்தாவிடம் இரண்டு மகன்களைப் பெற்றார். பட்டத்துக்கு அகராதிப்படி நியாயம் செய்தவர் இவரைப் போலச் சிலரே. 987-ல் பிரான்சுக்கு ராஜாவான ஊக் கப்பே-யும் துறவி ஆகாமலே பல மடங்களுக்குத் தலைவர். தூர் நகர மடத்தின் மேலங்கி, லத்தீனில் 'கப்பா', அதிலிருந்துதான் 'கப்பே' என்ற பெயரே வந்தது என்று ஒரு கட்சி உண்டு. அது சரியென்றால் ஒரு ராஜவம்சத்துக்கே மடத்துச் சால்வையிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்பாக்கள் பெருகினால் அடுத்த சண்டை 'பெரியப்பா யார்' என்பதுதானே? 1116-ல் ரோமில் சபை கூடியது. குளுனி மடத்தின் தலைவர் போன்ஸ் எழுந்து தன்னை 'அப்பாக்களுக்கெல்லாம் அப்பா' என்று சொல்லிக்கொண்டார். குளுனி அப்போது நூற்றுக்கணக்கான கிளைகளோடு செழித்த மடம். அவருக்கு முன்னால் இருந்த ஊக் அறுபது வருடம் ஆண்டவர். தலைக்கேறாமல் என்ன செய்யும்? போப்பின் செயலராக இருந்தவர் மொந்தே கசீனோ ஆள். அவர் அமைதியாக ஒரே கேள்வி கேட்டார்: பெனடிக்டின் சட்டத்தைக் குளுனியிடமிருந்து நாங்கள் வாங்கினோமா, எங்களிடமிருந்து நீங்கள் வாங்கினீர்களா? போன்ஸ் உட்கார்ந்தார். 1122-ல் பதவியை விட்டு விலகி ஜெருசலேமுக்குப் போனார். போனவர் மனசு கேட்காமல் திரும்பிவந்தார், தனியாக அல்ல, அடியாள்களோடு. புதுத் தலைவர் பீட்டர் வெளியூர் போயிருந்த சமயம். கதவை உடைத்து உள்ளே புகுந்து, தங்கச் சிலுவை, கிண்ணம் எல்லாவற்றையும் உருக்கி அடியாள்களுக்குச் சம்பளம் கொடுத்தார். அப்பாக்களுக்கெல்லாம் அப்பா 1126-ல் ரோமில் சிறைக்குள்ளேயே உயிரை விட்டார்.

இதெல்லாம் சில்லறைத் திருட்டு. மொத்த வியாபாரம் 1516-ல் தொடங்கியது. பிரான்சின் முதலாம் பிரான்சுவாவும் போப் பத்தாம் லியோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: மடத் தலைவரை இனி ராஜாவே நியமிப்பார், போப் கையெழுத்துப் போடுவார். துறவிகள் தேர்ந்தெடுப்பதெல்லாம் பெனடிக்டோடு போயிற்று. நியமனம் பெற்றவர் அந்த மடம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கு வந்துவிடும். பட்டம் இப்படித்தான் பட்டாவானது. பிரான்சின் முதலமைச்சர் ரிஷ்லியூ ஒரே நேரத்தில் குளுனி மடத்துக்கும் சித்தோ மடத்துக்கும் தலைவர். அவருக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வந்த மசாரின் குருப்பட்டமே வாங்காமல் இருபதுக்கு மேல் மடங்களை வைத்திருந்தார். ரான்சே என்பவருக்கு லா திராப் மடம் பத்து வயது வாக்கில் கிடைத்தது. வளர்ந்து, வேட்டையாடி, காதலித்து, காதலி செத்த பிறகு வைராக்கியம் வந்து, 1664-ல் நிஜமாகவே அந்த மடத்துக்குப் போய்த் துறவியாக உட்கார்ந்தார். உள்ளே இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! முதலாளி கடைக்கு வந்துவிட்டாரே!

ஸ்காட்லாந்தில் ஐந்தாம் ஜேம்ஸ், கல்யாணத்துக்கு வெளியே பிறந்த மகன்களுக்குச் சின்ன வயதிலேயே மெல்ரோஸ், கெல்சோ, ஹோலிரூட் என்று மடங்களைப் பங்கு பிரித்தார். இதே நாட்டில் திருவிழாவுக்குக் கோமாளி ஒருவனைப் பிடித்து 'புத்திகெட்ட மடாதிபதி' என்று கிரீடம் வைத்துக் கூத்தடிப்பது பழைய வழக்கம். 1555-ல் நாடாளுமன்றம் அதற்குத் தடை போட்டது. தடை கோமாளிக்கு மட்டும்தான்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவள் ஒரு சிறுமி. பாரிசில் அந்துவான் ஆர்னோ என்று ஒரு பெரிய வக்கீல். வீடு நிறையப் பிள்ளைகள். பெண்களுக்கெல்லாம் சீர் கொடுத்துக் கட்டிவைக்க முடியாது என்று தாத்தாவுக்குக் கணக்கு. ராஜா நான்காம் ஹென்றியிடம் சொல்லி இரண்டு பேத்திகளுக்கு மடத் தலைவி பதவி வாங்கினார். ஒருத்திக்கு ஏழு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து ஆறு. மடத்துப் பெண்கள் செய்யும் தப்புக்கெல்லாம் நீதான் கடவுளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டுத் தங்கை எனக்கு வேண்டாம் என்று அழுதாளாம். அக்கா அழவில்லை. என் கீழே இருப்பவர்களை நான் ஒழுங்காக வேலை வாங்குவேன் என்றாளாம். ரோமிலிருந்து உத்தரவு வாங்க வயது பத்தவில்லை. வக்கீல் வீட்டில் வயதா பிரச்சினை? 17 என்று எழுதி, பெயரை ஆஞ்செலிக் என்று மாற்றி வாங்கிவிட்டார்கள். 1602-ல், பதினோரு வயது முழுதாக நிறையாத பெண், போர்-ருவயால் மடத்துக்குத் தலைவி.

இதில் யாரும் எதிர்பாராத விபத்து, அந்தப் பெண் வளர்ந்ததும் பதவியை நிஜம் என்று நம்பிவிட்டாள். வெளியார் உள்ளே வரக்கூடாது என்ற பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தாள். 1609 செப்டம்பர் 25, அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் வழக்கம்போல் வண்டி கட்டி வந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. சின்னத் திட்டிவாசல் மட்டும் திறந்தது. அதன் வழியே மகள் பேசினாள். அப்பா கதவை இடித்தார், கத்தினார், அப்புறம் குரல் தழுதழுக்க, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். அதைக் கேட்டு அவள் மயங்கி விழுந்தாள். கதவு திறக்கவில்லை. ஊரார் எல்லோரும் மடத்துக்கு 'அப்பா'வை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், நிஜ அப்பாவை மடத்துக்கு வெளியே நிறுத்தினாள் பதினெட்டு வயதுப் பெண். இனி இந்த வாசல் மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்ட அம்மா, கணவர் காலமான பிறகு அதே மடத்தில் கன்னியாஸ்திரி ஆனார். அங்கே பெற்ற மகளைக் கூப்பிடும் முறை 'மேர் ஆஞ்செலிக்', அதாவது 'அம்மா'. பொய் வயது போட்டுக் கொடுத்த ஒரு பட்டம் உண்மையானதற்கு, எனக்குத் தெரிந்து, இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

18-ஆம் நூற்றாண்டில் மடமும் தேவையில்லாமல் போயிற்று. கறுப்பு உடை, சின்னக் கழுத்துப்பட்டி, உச்சந்தலையில் பேருக்கு ஒரு மழிப்பு; இவ்வளவு இருந்தால் பிரான்சில் ஆபே. என்றைக்காவது ராஜா ஒரு மடம் கொடுப்பார் என்று காத்திருக்கும் உமேதுவார்களுக்கு மரியாதைக்காகச் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் கம்பவுண்டரை 'டாக்டரய்யா' என்று கூப்பிடுவதைப் போல. ஒரு ஆபே வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார், இன்னொருவர் விருந்தில் துணுக்கு சொல்வார். ஆபே பிரெவோ 'மனோன் லெஸ்கோ' என்று காதல் நாவல் எழுதினார். கோவாவில் 1756-ல் பிறந்த ஆபே ஃபாரியா, 'தூங்கு' என்று சொல்லியே பாரிஸ்காரர்களைத் தூங்கவைத்தார். அவரைப் பெற்றவர்கள் பிரிந்துபோய், அப்பா பாதிரியார் ஆனார், அம்மா கன்னியாஸ்திரி. அந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு ஃபாதர் என்பதை நிதானமாகத்தான் கணக்குப் போட வேண்டும்.

1790 பிப்ரவரியில் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் துறவு விரதத்தையே சட்டத்தில் செல்லாது என்றார்கள். மடங்கள் கலைந்தன, நிலம் ஏலம் போயிற்று. பட்டத்தை மட்டும் யாரும் ஏலம் எடுக்கவில்லை. அப்படி மடமில்லாமல் மிஞ்சிய ஒரு ஆபே, 1792-ல் கப்பலேறி நம் பக்கம் வந்தார்: ஆபே துபுவா. புதுச்சேரி மிஷன், பிறகு தமிழ்நாடு, மைசூர் என்று முப்பத்தொரு வருடம். தலைப்பாகை, நீள அங்கி, மரக்கறிச் சாப்பாடு. பிரான்சில் கிடைக்காத மடாதிபதி மரியாதை இங்கே தானாகக் கிடைத்தது. மைசூர் சனங்கள் 'தொட்ட சுவாமியவரு', பெரிய சாமியார், என்றார்கள். இந்துக்களின் வழக்கவொழுக்கம் பற்றி அவர் எழுதிய கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 நட்சத்திர வராகன் கொடுத்து வாங்கி 1816-ல் லண்டனில் அச்சிட்டது. அதில் பெரும்பகுதி, 1779-ல் புதுச்சேரியில் காலமான கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியாரின் எழுத்திலிருந்து எடுத்தது என்று சில்வியா முர் என்ற ஆய்வாளர் 1987-ல் காட்டினார். மடத்தை எழுதிவாங்கும் பழக்கம் புத்தகத்துக்கும் தொற்றியது போலிருக்கிறது.

1823-ல் கம்பெனி கொடுத்த பென்ஷனோடு ஊர் திரும்பினார். மூன்று வருடம் கழித்துப் பாரிசில் இன்னொரு புத்தகம் போட்டார். பஞ்சதந்திரக் கதைகள், கூடவே வீரமாமுனிவர் தமிழில் எழுதிய பரமார்த்த குருவின் கதை. குதிரை முட்டை என்று பூசணிக்காயை விலைக்கு வாங்கிவந்த அதே கோஷ்டி. அந்தக் கதையில் ஒரு மடம் இருந்தது. மடத்துக்கு ஒரு குரு இருந்தார். அவரை உயிருக்குயிராக நம்பிய சீடர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து பேர் இருந்தார்கள். அட்டையில் 'ஆபே' என்று போட்டுக்கொண்டு அதைப் பிரெஞ்சில் பெயர்த்தவருக்கு ஒரு மட்டிகூட வாய்க்கவில்லை.